நிவாரணப் பட்டியல் எங்கே?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது நண்பர்களுக்கு நினைவிருக்கும். வண்டிகள் வெள்ளத்தில் உருண்டு போன படத்தை எல்லோரும் பார்த்தோம். அப்போது அரசு அறிவித்த பயிர் நிவாரணம், ஹெக்டேருக்கு மானாவாரிக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. சேதம் 33 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. உத்தனப்பள்ளிப் பக்கத்து மானாவாரி ராகிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், ஏக்கருக்குச் சுமார் 3,440 ரூபாய். உழவு கூலிக்கே சரியாகப் போய்விடும். அது கிடக்கட்டும். இப்படி வரும் பணம் ஊரில் யார் யாருக்குப் போகிறது என்று யாருக்குத் தெரிகிறது?

ஆளுக்கு ஆள் கணக்கு எழுதும் வழக்கம் நம் மண்ணில்தான் வேர்விட்டது. 1792-ல் திப்பு விட்டுக்கொடுத்த பாரமகாலில் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, ஒவ்வொரு குடியானவர் பேரிலும் தீர்வை எழுதினார்கள். ரயத்துவாரி அங்கிருந்து வளர்ந்தது. இன்றைய அடங்கலும் ஜமாபந்தியும் அதன் வாரிசுகள். விளையாத வருஷம் வரியில் வஜா கேட்பதற்கும் அந்தக் கணக்குதான் ஆதாரம்.

பிறகு தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 78 வரை. நம் ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவில். 1871-ல் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த ஜில்லா ஜனத்தொகை 1881-ல் 16 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் 1880-ல் பஞ்சக் கமிஷனும், 1883-ல் பஞ்ச நிவாரண விதித்தொகுப்பும் வந்தன. நிவாரணம் துரைமார்களின் இரக்கம் என்பது போய், எழுதிவைத்த விதி என்று ஆனது.

1980-ல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. அதற்கு முந்திய காலத்தில் சாவடித் திண்ணையில் பணம் எண்ணிக் கொடுப்பதைச் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். கமிஷன் பிடிக்கத்தான் செய்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எவருக்கு எத்தனை ரூபாய் என்று ஊருக்கே தெரியும். பொழுது சாய்வதற்குள் சண்டையும் வந்துவிடும்! அந்தச் சண்டைதான் அன்றைய தணிக்கை.

2017 வறட்சியில் 32 மாவட்டங்களும் பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. சுமார் 32 லட்சம் விவசாயிகளுக்கு 2,247 கோடி ரூபாய் என்றார்கள், நேராக வங்கிக் கணக்குக்கு. இடைத்தரகர் போனது நல்லதுதான். கூடவே, பார்த்துக்கொண்டிருந்த ஊரும் போய்விட்டது. இப்போது செல்போனில் செய்தி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

வங்கிக் கணக்கு என்றால் முறைகேடு நடக்காது என்பதும் இல்லை. 2020-ல் பிரதமர் கிசான் திட்டத்தில் தமிழ்நாட்டில் சுமார் 5.5 லட்சம் தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டு, 110 கோடி ரூபாய் போயிருந்தது தெரியவந்தது. கணினியில் ஏறிய பெயர்கள்தான் அத்தனையும். ஊரில் வாய்விட்டுப் படித்திருந்தால், 'இவருக்கு ஏது நிலம்?' என்று ஒரு கிழவியாவது கேட்டிருப்பாள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, மானியத் திட்டங்களின் தொகையையும் பயனாளிகள் விவரத்தையும் யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. நம் பக்கத்தில் நிவாரணப் பட்டியலை எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

இதில் அதிகம் அடிபடுகிறவர் வாரத்துக்கு உழுகிறவர். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் நம் ஊர்களில் வாரம் இன்னும் வாய்ப்பேச்சுதான். பட்டா பெங்களூரில் இருப்பவர் பேரில், பயிர் போனது இங்கே இருப்பவருக்கு. பட்டியல் வெளியே வந்தால்தான் அவர் ஆட்சேபணையாவது சொல்ல முடியும்.

கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. அக்டோபர் 2 கூட்டத்துக்குப் போகிறவர்கள் கேட்டுப் பாருங்கள். பெயர், சர்வே எண், பயிர், பரப்பு, தொகை, இந்த ஐந்து போதும். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் யாருக்கும் வேண்டாம்.