தும்பறைப் பாய்: நெசவுக்குப் பெயர், நெய்தவளுக்கு?

கண்டியிலிருந்து குண்டசாலைப் பக்கமாகப் போனால் மெனிக்ஹின்ன வரும். அங்கேதான் தும்பறைப் பாய் நெய்யும் கலாசிறிகம கிராமம். யானை, மான், நாகம் போட்ட அந்தப் பாய்களைக் கண்டிக் கடைச் சுவர்களில் நம்மில் பலர் பார்த்திருப்போம். விலைச்சீட்டில் விலை இருக்கும். நெய்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது.

வேலை லேசுப்பட்டதல்ல. கற்றாழை போலிருக்கும் ஹண செடியின் இலையைச் சுரண்டி நாரெடுக்க வேண்டும். கழுவிக் காயவைத்துச் சாயம் ஏற்ற வேண்டும். சிவப்புக்குப் பதங்கிக் கட்டை, மஞ்சளுக்கு மரமஞ்சள், கறுப்புக்குக் கடுக்காயும் தான்றிக்காயும். நாரெடுப்பதிலிருந்து நெய்வது வரை பெண்களின் கை இருக்கிறது.

இதை நெய்தவர்கள் கின்னர சமூகத்தவர். அரண்மனைக்குப் பாய் கொடுப்பது அவர்களுடைய ராஜகாரியம். ஆனால் அதே அரசில் அவர்கள் சாதி அடுக்கின் அடியில் வைக்கப்பட்டார்கள். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில், பாய் நெய்யும் இந்த ஆண்கள் தலையில் எதுவும் அணியக்கூடாது என்று எழுதுகிறார். பாய் அரண்மனைக்குள்ளே, நெய்தவர் வெளியே!

1832இல் ராஜகாரியம் ஒழிந்தது. சாதிப் பார்வை அதோடு போய்விடவில்லை. 1908இல் ஆனந்த குமாரசுவாமி, நம்ம யாழ்ப்பாணத்துத் தமிழ்த் தந்தையின் மகன், சிங்களக் கலை பற்றிய தன் பெரிய நூலில் இந்த நெசவையும் பதிவு செய்தார். 2021இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நெசவுக்கு மரியாதை கூடிக்கொண்டே வந்தது. நெய்யும் பெண்ணின் பெயர் மட்டும் இன்னும் வெளியே வரவில்லை.

நமக்கு இது தெரியாத கதையா? தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயர் இருக்கும், கொழுந்து பறித்த அம்மாவின் பெயர் இருக்காது.

இன்று ஹண செடி கிடைப்பதும் கஷ்டம், இளசுகள் தறியில் உட்காருவதும் குறைவு. கூலி கட்டுப்படியாகாமல், பழைய சாதிப் பெயரையும் சுமந்துகொண்டு, "மரபைக் காப்பாத்துங்க" என்று யாரும் அவர்களிடம் கேட்க முடியாது. ஆதரவு என்றால் முதலில் நியாயமான விலை. கண்டிக்குப் போகிறவர்கள் மெனிக்ஹின்ன வரை போய் நெய்பவரிடமே வாங்கலாம். பேரம் பேச வேண்டாம். படம் போடுவதானால் அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால், பெயரையும் சேர்த்துப் போடுவோம்.