கல்லாவில் உட்கார்ந்த இருவர்

ஒரு கடையில் தட்டு ஏந்தி நின்றவர், பிறகு அதே கடையின் கல்லாவில் உட்காருவது ஓட்டல் தொழிலில் அடிக்கடி நடப்பதுதான். ஆகஸ்ட் லூஷோவும் அப்படி வந்தவர். ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து 1879இல் நியூயார்க் போய்ச் சேர்ந்த இளைஞர். 14ஆம் தெருவில் தம் நாட்டுக்காரர் ஒருவர் நடத்திய கடையில் வேலைக்குச் சேர்ந்து, 1882இல் அதை விலைக்கு வாங்கினார். வாங்கப் பணம் கொடுத்தவர் பியானோ தயாரிப்பாளர் வில்லியம் ஸ்டைன்வே. ஸ்டைன்வே குடும்பமும் ஜெர்மனியிலிருந்து வந்தது, அவர்களுடைய கச்சேரி மண்டபமும் அதே தெருவில்தான் இருந்தது. மண்டபத்துக்கு வந்த இசைக்காரர்கள் தெருவைக் கடந்து லூஷோவின் மேசைகளில் உட்கார்ந்தார்கள். சிறிய கடை பின்பக்கமாக 13ஆம் தெரு வரை நீண்டது.

இன்னொருவர் கே. கிருஷ்ண ராவ். பிறந்தது 1898இல், தென்கன்னடத்துக் கடந்தலையில், ஏழைப் புரோகிதர் குடும்பத்தில். சின்ன வயதிலேயே அடுப்படி வேலைக்குப் போனவர், பிறகு சென்னைக்கு வந்து சொந்தக்காரர்களின் கடையில் பாத்திரம் தேய்த்தும் மாவு அரைத்தும் தொழில் கற்றார். ஜார்ஜ் டவுனில் ஒரு சிறு கடையைத் தவணையில் வாங்கியதிலிருந்து அவருடைய சொந்தக் கணக்கு தொடங்குகிறது. 1920களில் மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீகிருஷ்ண விலாஸ் வந்தது. 1938இல் இராமநாதபுரம் ஜமீனுக்குச் சொந்தமான ராயப்பேட்டை மாளிகையைக் குத்தகைக்கு எடுத்தார். அந்த மாளிகையின் பெயர்தான் உட்லண்ட்ஸ்.

இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதற்குக் காரணம் பெரம்பலூரும் அரியலூரும். லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்கள் எத்தனையோ பேர். போன இடத்தில் உணவகங்களில் நின்று உழைத்தவர்களும் அவர்களில் உண்டு. வெளியூரிலிருந்து இங்கே வந்து அடுப்பு மூட்டியவர்களும் உண்டு. சொந்த ஊர் ருசியை அந்நியர் தட்டில் வைத்து வாழ்ந்த இவர்களைப் பற்றி நம்மிடம் எழுத்தில் இருப்பது மிகக் குறைவு. பெரிய ஊர்களில் அதே வாழ்க்கையை வாழ்ந்த இருவரை வைத்தாவது பேசிப் பார்க்கலாம்.

லூஷோவின் கடையை வளர்த்தது பீர். வூர்ட்ஸ்பர்க் நகரத்து பீருக்கு அமெரிக்காவில் 1885இலேயே அவர் முகவரானார். சாப்பாடு அதன் துணை. கிருஷ்ண ராவுக்கு அந்த இடத்தில் காப்பி. இதைச் சாதாரண ஒற்றுமையாக நான் நினைக்கவில்லை. மனிதர்களை வீட்டுக்கு வெளியே ஒரு மேசையில் உட்காரவைத்து, சாப்பிட்டு முடித்த பிறகும் எழவிடாமல் வைப்பது இந்த இரண்டு பானங்களும்தான். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலைப் படித்தவர்களுக்கு, காப்பி தமிழர் வாழ்வில் நுழைந்தபோது எவ்வளவு கவலையும் கண்டனமும் எழுந்தன என்று தெரியும். பீருக்கு வந்த எதிர்ப்பு அதைவிடப் பெரியது. 1920இல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்து 13 ஆண்டுகள் நீடித்தது. பீரை நம்பி நின்ற கடை அந்த ஆண்டுகளைச் சமையலை வைத்தே தாண்டியது. காப்பிக்கு அப்படியொரு சட்டம் வரவில்லை. கிருஷ்ண ராவின் தொழில் தங்குதடை இல்லாமல் வளர்ந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

யார் உட்காரலாம் என்ற கேள்வியில் ஒப்பீடு கடுமையாகிறது. 1913 அக்டோபரில் பாட்டுக்கான உரிமைத்தொகை கேட்டு ஒரு சங்கம் அமைக்க இசையமைப்பாளர்கள் முதலில் கூடியது லூஷோவின் கடையில். மறு ஆண்டு பிறந்த அஸ்காப் அமைப்பின் தொடக்கம் அந்தக் கூட்டம். அதே காலத்துச் சென்னை மாகாணத்தில் ஓட்டல்கள் பலவற்றில் பிராமணருக்கு என்று தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் அப்படியே. பெரியாரும் அவர் இயக்கமும் தொடர்ந்து போராடியதன் பலனாக 1941இல்தான் ரயில்வேயில் அந்தப் பிரிவினை நீங்கியது. விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் இருக்கும் அரியலூர்க்காரர்களுக்கு இது எங்கோ நடந்த விஷயம் கிடையாது. அவர்கள் ரயில் ஏறிப் போன ஒவ்வொரு பெரிய நிலையத்திலும் இருந்த வழக்கம். உடுப்பி ஓட்டலின் சுத்தத்தையும் ருசியையும் மனமாரப் புகழும்போது, அந்தச் சுத்தத்தைச் சாதியோடு சேர்த்துப் பார்த்த ஒரு காலம் இருந்ததையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். கிருஷ்ண ராவின் வாழ்க்கை அந்தக் காலத்தில் தொடங்கி, யார் வேண்டுமானாலும் காரிலோ நடந்தோ வந்து உட்காரக்கூடிய டிரைவ்-இன் வரை நீண்டது. அவர் கதையில் எனக்கு மிகவும் பிடித்த தூரம் இதுதான்.

1962இல் கதீட்ரல் சாலையில் திறந்த அந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில், மரநிழலில் நிறுத்திய கார் ஜன்னலிலேயே தட்டை மாட்டிக் கொடுப்பார்கள். மாணவர்கள், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், சினிமாவுக்குக் கதை வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் அது அலுவலகம் மாதிரி. ஒரு காப்பிக்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்பவில்லை.

கைமாறிய விதத்தில் இருவரும் வேறு வேறு பக்கம் போகிறார்கள். லூஷோ 1923இல் இறந்தார். அதற்கு முன்பே, முதல் உலகப் போரில் ஜெர்மனி எதிரி நாடானபோது, கடைப் பெயரின் ஜெர்மன் எழுத்துக்குறியை எடுக்க வேண்டி வந்தது. உறவினர் ஒருவர் பிறகு நடத்தினார். 1950இல் யான் மிட்செல் என்பவர் வாங்கி, பழைய மரவேலைப்பாட்டையும் ஓவியங்களையும் பழைய சமையலையும் அப்படியே காப்பாற்றினார். அந்தக் குறியையும் திரும்ப வைத்தார். ஆனால் எல்லாம் ஒரே கட்டடத்தில் இருந்தது. 1982இல் கடை 14ஆம் தெருவைவிட்டுக் கிளம்பியது, 1995இல் கட்டடம் இடிக்கப்பட்டது, இப்போது அங்கே பல்கலைக்கழக விடுதி நிற்கிறது. கிருஷ்ண ராவின் இடங்களும் எல்லாம் நிலைக்கவில்லை. டிரைவ்-இன் 2008இல் மூடப்பட்டு, 2010இல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. அதற்கு முன்பே, 1990இல், அவர் காலமாகிவிட்டார். ஆனால் அவர் ஊரிலிருந்து வந்த உறவினர்களும் பையன்களும் அவரிடம் மாவுப் பதமும் கல்லாக் கணக்கும் கற்றுக்கொண்டு தனிக் கடை வைத்தார்கள். 1952இல் தொடங்கிய நியூ உட்லண்ட்ஸ் ராதாகிருஷ்ணன் சாலையில் நிலைத்தது. லூஷோவின் அக்கறை ஒரு கூடத்தில் தங்கியது. ராவின் அக்கறை ஆட்களில் தங்கியது. இரண்டில் ராவின் வழியே மேலானது என்பது என் தீர்மானம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலைதான் வாழ்வு. நான்கு வழிச்சாலை வந்த பிறகு தொலைதூரப் பேருந்துகள் ஊருக்கு வெளியே உள்ள சாலையோர உணவகங்களில் நிற்கின்றன. பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியிருந்த குடும்ப ஓட்டல்களுக்கு வந்த கூட்டம் திசைமாறிவிட்டது. அரியலூரில் கடைகளைத் தாங்குவது சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும். அங்கே மதியச் சாப்பாட்டின் அளவை லாரி ஓட்டுநரின் பசியே நிர்ணயிக்கிறது. முதலாளி கல்லாவில், மனைவி சமையல்கட்டில், பிள்ளை பார்சல் கட்டுவதில் என்று ஓடிய கடைகள் இரண்டு ஊரிலும் குறைந்துகொண்டே வருகின்றன. ஒருவர் இறந்தால் கடைக் கதவில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவார்கள். படமும் பெயரும் தேதியும் தவிர அதில் வேறு ஒன்றும் இருக்காது.

லூஷோவுக்குக் கடன் கொடுத்தவர் யார் என்பது நூறு ஆண்டு தாண்டியும் தெரிகிறது. நம் ஓட்டல்காரருக்கு முதல் அண்டா வாங்கப் பணம் தந்தது யார்? சாம்பாருக்கு எந்தச் சந்தையின் சின்ன வெங்காயம் போனது? எந்த ஆண்டில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள்? அவரிடம் வேலை கற்று வெளியே போய்க் கடை வைத்தவர்கள் எத்தனை பேர்? இதையெல்லாம் வாரிசுகளைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் பழைய சரக்கு மாஸ்டர்கள். அவர்களில் சிலர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். மாலை வியாபாரம் சூடுபிடிக்கும் முன், மூன்று மணி வாக்கில் போனால் பேசுவார்கள்.