மின்தடைத்திறன் ஆய்வு – மும்பை

மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி, நிலம் அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து, அடியிலுள்ள நீரையும் பாறையையும் கணிக்கும் புவியியற்பியல் முறை. மண்ணில் ஒரே கோட்டில் நான்கு உலோக முளைகள் அடிக்கப்படும். வெளி முளைகள் இரண்டில் மின்சாரம் செல்லும். உள் முளைகள் இரண்டில் மின்னழுத்தம் அளக்கப்படும். முளைகளின் இடைவெளியைக் கூட்டக்கூட அளவீடு ஆழத்துக்குச் செல்லும். பிரான்சின் கான்ராட் ஷ்லும்பெர்ஜே 1912 முதலும், அமெரிக்காவின் ஃபிராங்க் வென்னர் 1915 வாக்கிலும் தனித்தனியே இதை வகுத்தனர். முதன்மையை ஒருவருக்கே தருவது கடினம்.

மும்பையில் மண்ணுக்குள் பாயும் மின்சாரம் ஒரு காலத்தில் இடையூறாகவே பார்க்கப்பட்டது. கொலாபா ஆய்வகத்தில் 1841 முதல் புவிகாந்தம் அளக்கப்பட்டு வந்தது. குதிரை டிராம்களை மின்மயமாக்கும் திட்டம் வந்ததும், தண்டவாளம் வழியே மண்ணில் கசியும் மின்சாரம் அளவீடுகளைக் கெடுத்துவிடும் என்று கருதப்பட்டது. ஆய்வகத்தின் இயக்குநர் நானாபாய் மூஸ் காலத்தில், வளைகுடாவுக்கு அப்பால் அலிபாக்கில், காந்தத்தன்மையற்ற பொருட்களைக் கொண்டு புதிய ஆய்வகம் எழுந்தது. 1904 முதல் 1906 வரை இரண்டு இடங்களிலும் ஒரே நேரத்தில் அளந்து, பழைய தொடரையும் புதியதையும் அறுபடாமல் இணைத்தார்கள். அரிய பொறுமை அது. மின்டிராம் 1907இல் ஓடியது. 1925இல் ஹார்பர் தடத்தில் 1500 வோல்ட் நேர்மின்சாரத்தில் மின்ரயில் வந்தது. கிங்ஸ் சர்க்கிள் வழியாக ஒரு கிளையும் செம்பூர் வழியாக மற்றொரு கிளையும் செல்லும் அத்தடம் 2016இல்தான் மாறுமின்சாரத்துக்கு மாறியது.

1972 வறட்சியை ஒட்டி மகாராஷ்டிரத்தில், இம்முறை உதவக்கூடிய நிலத்தடி நீர்த் தேடல் விரைவடைந்தது.

மாநிலத்தின் பெரும்பகுதி தக்காண எரிமலைப் பாறை. நீர் தங்கிய, சிதைந்த பசால்ட் சுமார் 20 முதல் 45 ஓம்-மீட்டர் வரை மின்தடைத்திறன் காட்டும். கெட்டியான பாறை 70க்கு மேல். உவர்நீர் மிகக் குறைந்த எண்ணையே தரும். மாகிம் கழிமுகத்தை அடுத்த சதுப்பைத் தூர்த்து உருவான தாராவி போன்ற பகுதிகளில் குறைந்த எண் உவர்நீரையும் குறிக்கலாம், கடற்களிமண்ணையும் குறிக்கலாம். தார்ச்சாலையிலும் சிமென்ட் தளத்திலும் முளை இறங்காது. திறந்த மண் கிடைத்தால் முளையை அடித்து, தொடர்பு நன்றாக அமைய அதைச் சுற்றி உப்புநீர் ஊற்றுவார்கள். கம்பியை நீள விரிக்க நேரான வெளியும் தேவை. நெருங்கிய குடியிருப்புகளில் அது அரிது.

சரிவுகளில் இம்முறை ஈரம் தேங்கிய, நழுவக்கூடிய அடுக்குகளைத் தேடுகிறது. மழைநீர் இறங்கி மண்துகள்களுக்கிடையே அழுத்தம் கூடும்போது மண்ணின் பிடிப்பு குறைகிறது. 2000 ஜூலையில் காட்கோபர் நிலச்சரிவில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021 ஜூலை 18 அதிகாலை செம்பூர் பாரத் நகரில், பெருமழையின்போது குன்றை ஒட்டிய சுவர் வீடுகள் மீது சரிந்தது. இறந்தோர் 17 என்றும் 19 என்றும் செய்திகள் வேறுபடுகின்றன. இத்தகைய இடங்களில் கோடையிலும் மழைக்காலத்திலும் ஒரே கோட்டில் அளந்து ஒப்பிட்டால், நீர் எங்கே சேர்கிறது என்பது புலப்படும். களிமண்ணும் நீரும் ஏறத்தாழ ஒரே எண்ணைத் தருவதால், எந்த முடிவையும் துளையிட்டு மண் எடுத்துப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.