சாயத் தொட்டியும் மன மருந்தும்

காஞ்சிபுரத்துப் பட்டின் அரக்குச் சிவப்பையும் மயில் கழுத்து நிறத்தையும் கண்டு வியக்கும் நாம், அந்நிறங்களுள் பெரும்பாலானவை இன்று வேதியியல் தந்தவை என்பதை நினைப்பதில்லை. மனித மனத்தைத் தொடும் மருந்துகளுள் சிலவும் சாயத் தொழிலின் வழியே வந்தவை என்பது அதனினும் வியப்புக்குரியது.

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரும் பட்டுத் தொழிலால் பெயர் பெற்றதே. அங்கே பட்டுக்குச் சாயம் தோய்த்து வந்த அலெக்சாண்டர் கிளாவெல் 1859இல் செயற்கைச் சாயம் தயாரிக்கத் தொடங்கினார். அம்முயற்சியே பின்னர் சீபா நிறுவனமாக வளர்ந்தது. 1886இல் தோன்றிய சாண்டோஸ் நிறுவனமும் தொடக்கத்தில் சாயத் தொழிற்சாலையே.

அந்தச் சாண்டோஸ் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன், தானியக் கதிரைப் பற்றும் எர்காட் பூஞ்சையின் வேதிப்பொருள்களை ஆராய்ந்து, 1938இல் எல்.எஸ்.டி.யை உருவாக்கினார். இரத்த ஓட்டத்தையும் சுவாசத்தையும் ஊக்குவிக்கும் மருந்தொன்றையே அவர் தேடினார். 1943 ஏப்ரல் 16 அன்று அப்பொருள் தற்செயலாக உடலிற் சேர்ந்ததும் அவருடைய புலன்கள் மயங்கின. மூன்று நாள் கழித்து, கால் மில்லிகிராம் அளவைத் தாமே உட்கொண்டு அதன் ஆற்றலை உறுதி செய்தார். 1947 முதல் அது மனநல மருத்துவர்களின் ஆய்வுக்கு வழங்கப்பட்டது.

நம் நாட்டில் இத்தேடல் ஒரு மூலிகை வேரிலிருந்து எழுந்தது. சர்ப்பகந்தியை ஆராய்ந்த சலீமுஸ்ஸமான் சித்திகி, 1931இல் அதிலிருந்து பிரித்த பொருளுக்கு, தம்மை ஆதரித்த ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் எனப் பெயரிட்டார். அதே ஆண்டில் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் அவ்வேர் மனநோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் பயன்படுவதை எழுதினர். 1952இல் சீபா அறிஞர்கள் அதிலிருந்து ரிசர்பைனைப் பிரித்தனர். உட்வர்ட் 1956இல் அதனை ஆய்வகத்திலேயே தொகுத்துக் காட்டினார். கொந்தளித்த மனங்கள் பலவற்றை அம்மருந்து அமைதிப்படுத்தியது. எனினும் அதனை உண்டோருள் சிலர் ஆழ்ந்த சோர்வுக்கு ஆளாயினர் என்றும் மருத்துவர்கள் குறித்தனர்.

எல்.எஸ்.டி.யின் கதை இதனினும் கசப்பானது. 1950களில் அமெரிக்க உளவுத்துறை, ஏதுமறியாத மனிதருக்கும் அதனைக் கொடுத்துச் சோதித்தது. வெளியிலோ அது போதைப்பொருளாய்ப் பரவிற்று. 1971இல் ஐ.நா. உடன்படிக்கை அதனைக் கடும் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. இந்நூற்றாண்டில், நோயாளரின் ஒப்புதலோடும் மருத்துவரின் துணையோடும் ஆய்வுகள் சில நாடுகளில் மீண்டும் நடைபெறுகின்றன.

நூற்கழியைச் சாயத் தொட்டியில் அமிழ்த்துவோர் அதன் சம்மதத்தைக் கேட்பதில்லை. மனிதனோ நூலல்லன். கலங்கிய மனத்தோடு நம்முன் நிற்பவனிடமும், "உமக்கு இது சம்மதமா?" என்று கேட்ட பிறகே மருந்துக் குப்பியைத் திறத்தல் வேண்டும். அறிவியலின் வெற்றிகளை எண்ணி மகிழும் நாம், அக்கேள்வி கேட்கப்பட்டதா என்பதையும் சேர்த்தே எண்ணுவோமாக.