கூடு ஒன்று, உயிர் பல

திருமூலர் கதையை நாம் அறிவோம். சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்து கிடந்தான். அவனைச் சுற்றி நின்று கதறிய பசுக்களின் துயரைப் பொறாத யோகியார் ஒருவர், தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் புகுந்தார். பசுக்கள் மகிழ்ந்தன. மூலனின் மனைவிக்கு மட்டும் வேறுபாடு தெரிந்துவிட்டது. உடல் அதுவே, உள்ளிருப்பவர் வேறு. இந்நாட்டில் ஓடித் தேய்ந்த பழைய லொறிகளின் வரலாறும் ஏறத்தாழ இதே கதைதான்.

எந்திரம் என்ற சொல் நமக்குப் புதிதன்று. கரும்பு பிழியும் கருவியைச் சங்கப் புலவர்கள் அப்பெயரால் குறித்தனர். ஆனால் மோட்டார் எந்திரம் நம்மிடம் வந்தபோது, நாம் அதை வாங்கியவர்களாக மட்டும் இருக்கவில்லை; மாற்றியவர்களாகவும் இருந்தோம். அந்தப் பங்கை எழுதிவைத்தவர் மிகச் சிலரே.

திருகோணமலையை எடுத்துக்கொள்வோம். 1927இல் புகையிரதப் பாதை இங்கு வந்து சேர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் இத்துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் பெருந்தளமாயிற்று. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இங்கு குண்டு வீசின. அந்தப் போரின் சுமையைத் தாங்கிய வாகனங்களுள் ஒன்று பெட்போர்ட் லொறி. இங்கிலாந்தின் லூட்டன் நகரில் வொக்ஸ்ஹோல் நிறுவனம் 1931இல் தொடங்கிய பெயர் அது. போருக்காக மட்டும் ஏறத்தாழ 2,50,000 பெட்போர்ட் வாகனங்கள் செய்யப்பட்டன. கடற்படை 1957இல் திருகோணமலையை விட்டுப் போயிற்று. பெட்போர்ட் போகவில்லை. நெல்லும் விறகும் சுமந்து இந்நாட்டு வீதிகளில் பல பத்தாண்டுகள் ஓடியது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை, மூதூர்ப் பக்கம் போகும் வாகனங்கள் எஞ்சினை நிறுத்திவிட்டுப் ‘பாதை’யில் ஏறி நீரைக் கடந்ததையும் இங்கே நினைவுகூரலாம்.

அந்தக்கால பெட்போர்ட்டின் உயிர் ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். அது பெற்றோலை நிறையக் குடிக்கும். டீசலோ இந்நாட்டில் நெடுங்காலம் பெற்றோலை விட மலிவு. இங்கிலாந்தின் பீற்றர்பரோவில் 1932இல் தொடங்கிய பேர்கின்ஸ் நிறுவனத்தின் பி-6 என்னும் டீசல் எஞ்சின், பெற்றோல் லொறிகளுக்குள் மாற்றிப் பொருத்தப்படுவதற்குப் பேர்போனது. பொனட்டைத் திறந்து ஒன்றை எடுத்து மற்றொன்றை வைத்தால் வேலை முடிந்துவிடுமா? முடியாது. பெற்றோல் எஞ்சின் கலவையை ஆறேழு மடங்கு அமுக்கி, பிளக்கின் பொறியால் எரிக்கிறது. டீசல் எஞ்சின் காற்றை 15 மடங்குக்கு மேல் அமுக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயை எரிக்கிறது. ஆதலால் அது கனத்த உடம்பு, அதிர்வும் அதிகம். முன்வில்லைப் பலப்படுத்த வேண்டும். எஞ்சின் அமரும் தாங்கிகளைப் புதிதாக ஒட்டவேண்டும். கியர்பெட்டியோடு பொருந்தும் முகம் மயிரிழையும் பிசகலாகாது. ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் இடைவெளி பார்க்கவேண்டும். இவற்றையெல்லாம் வரைபடமின்றி, அடிமட்டமும் கண்மட்டமும் கொண்டு செய்தவர்கள் நமது கராஜ்காரர்கள்.

பின்னர் 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு; புதிய பொருள் கிடைப்பது அரிது. 1977இல் சந்தை திறந்தபின் ஜப்பானிய வாகனங்களும் பாவித்த எஞ்சின்களும் வந்தன. மொறிஸ் மைனரின் உருண்டை முகத்துக்குள் டட்சன் எஞ்சின் குடிபுகுந்தது.

போர்க்காலம் இன்னொரு பாடம் கற்பித்தது. 1990இன் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எரிபொருள் தடை. அங்கே 1200 சீசீ ஒஸ்டின் ஏ-40 கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால்தான் அது இயன்றது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. காலம் கழிந்ததென்று பிறர் ஒதுக்கிய வண்டியே நோயாளியையும் கர்ப்பிணியையும் ஆஸ்பத்திரிக்குச் சுமந்தது.

இன்று பழைய வாகனங்களைப் புதுக்குவோர் பெருகியுள்ளனர்; நல்லது. ஆனால் அவர்களுட் சிலர் முதல் வேலையாக, இடையில் வந்த எஞ்சினைக் கழற்றிப் பழைய இரும்புக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டு, தொழிற்சாலையில் பிறந்த அன்றிருந்த எஞ்சினைத் தேடி அலைகிறார்கள். அந்த ஆசையை நான் குறை சொல்லேன். ஆயினும் ஒரு கேள்வி. லூட்டனில் பிறந்த அந்த ஒருநாள் மட்டுந்தானா லொறியின் வரலாறு? அது நம்மிடையே வாழ்ந்த நாற்பது ஐம்பது ஆண்டுகள் எங்கே போயின? விலையேற்றமும், தட்டுப்பாடும், போரும் எழுதிய ஏடல்லவா அந்த எஞ்சின் அறை?

எஞ்சினை மாற்றுங்கள், ஆனால் எது, எப்போது, ஏன் மாற்றப்பட்டது என்று ஒரு கொப்பியிலாவது குறித்து வையுங்கள். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் மட்டுமே இருக்கும், காரணம் இராது. காரணத்தை அறிந்த முதிய மெக்கானிக்குகள் ஒவ்வொருவராய் விடைபெறுகிறார்கள். 2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற நமக்கு, அவர்களுடைய கைவித்தை வெறும் பழங்கதை அல்ல. மூலனின் உடலில் புகுந்தவர் பாடியதால்தான் அவரை நாம் அறிகிறோம். லொறி பாடாது. அதற்காக நாம்தான் எழுதவேண்டும்.