கல்லடிப் பாலம் கற்பிக்கும் பாடம்

மீன்பாடும் வாவியின் குறுக்கே 1924ஆம் ஆண்டு எழுந்தது நமது கல்லடிப் பாலம். அக்காலத் தேசாதிபதி மனிங்கின் துணைவியார் பெயரால் அது வழங்கப்பட்டது.

பாரம் ஏறுங்கால் பாலத்தின் கீழ்ச்சட்டங்கள் இழுபடும், மேற்சட்டங்கள் நெருக்குண்ணும். நெருக்குண்ணும் நெடிய உருக்குச் சட்டம், நொறுங்குமுன்னரே மூங்கிற் கழிபோல் வளைந்துவிடும். நீளம் இருமடங்கானால் அதன் தாங்குவலு நாலிலொன்றாகும் என்பது 1744இல் ஒயிலர் கண்ட கணிதம். ஆதலினாலேயே இடையிடையே சட்டங்களைப் பிணைக்கின்றனர். பிணைப்பு நலிந்தமையால் 1907இல் கனடாவின் கியூபெக் பாலம் சரிந்து 75 தொழிலாளர் மாண்டனர்.

2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. எனினும் முதியதை நாம் மறத்தலாகாது. துருவால் மெலிந்த சட்டம் எளிதில் வளையும். உப்புக்காற்றினின்றும் அதனைக் காத்தல் நம் கடனன்றோ?