48 மணி நேரமும் லஜ்ஜையும்: ஹ்விடோவ்ரே கட்டுரையை மீண்டும் படித்தல்

லிண்டா பாஸே, ஹென்ரிக் கெலெட் முதலியோர், கோபன்ஹேகனை அடுத்த ஹ்விடோவ்ரே ஆஸ்பத்திரியில் தாங்கள் கண்டவற்றை 2000-ஆம் ஆண்டு ‘ஆனல்ஸ் ஆஃப் சர்ஜரி’ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். அக்கட்டுரையை, புற்றுநோய்க்குப் பிந்தைய தாம்பத்யத்தை ஆராய்வோரில் ஒரு சாரார் தீய உதாரணமாகவே எடுத்துக்காட்டுவதுண்டு. பெருங்குடலின் ஒரு பகுதியை வெட்டி நீக்கிய 60 பேரில் 57 பேருக்கு 48 மணி நேரத்துக்குள் மலம் கழிந்தது என்பதும், 32 பேர் இரண்டே நாட்களில் வீடு திரும்பினர் என்பதுமே அதன் சாரம். மனிதனைக் குழாயாகவும், குணமடைதலை நாட்கணக்காகவும் குறுக்கிவிட்ட கட்டுரை என்பது அவர்களுடைய தீர்ப்பு. படுக்கையறையைப் பற்றி அதில் ஒரு வினாவும் இல்லையென்பது மெய்யே. ஆனால் அந்த மௌனத்துக்கு அவர்கள் கற்பிக்கும் பொருளில்தான் எனக்கு உடன்பாடில்லை.

மலக்குடலில் கத்தி வைக்கும்போது, ஆணின் விறைப்புக்கும் விந்து வெளிப்படுதலுக்கும், பெண்ணின் கசிவுக்கும் உரிய இடுப்பு நரம்புகள் அறுபடக்கூடும். இந்த அபாயத்தையே தாம்பத்யக் குறைவின் முழுக் காரணமாகக் கொள்ளும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பெருங்குடலின் மேற்பகுதியிலோ அந்நரம்புகள் பெரும்பாலும் தீண்டப்படுவதில்லை. ஆகவே ஹ்விடோவ்ரே நோயாளிகளிடம் உறவு தளர்ந்திருக்குமானால், அதன் வேரை நரம்பில் தேடாமல், தன் சரீரம் எந்தக் கணத்தில் தன்னைக் காட்டிக்கொடுக்குமோ என்ற அச்சத்தில்தான் தேட வேண்டியிருக்கும். இப்படிப் பார்த்தால், 48 மணி நேரம் என்ற அந்த அளவு, குழாயின் வேகத்தை மட்டுமல்லாமல், சரீரத்தின்மீது நம்பிக்கை மீளும் வேகத்தையும் குறிப்பதாகப்படுகிறது. கட்டுரையாசிரியர்கள் இதை எண்ணி எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் எண்ணாமலே எழுதியதில் இது இருக்கிறது.

இந்த அச்சத்துக்கு டென்மார்க்கிலேயே பழைய சாட்சி ஒன்றுண்டு. குடல் வாயை வயிற்றின்மேல் திறந்துவிட்ட பின், கசிந்துவிடுமோ என்று வெளியே செல்லவும் அஞ்சிய தன் சகோதரிக்காக, 1954-இல் எலிசே சோரென்சென் என்ற தாதி, தோலில் ஒட்டிக்கொள்ளும் வளையமும், உபயோகித்தபின் எறிந்துவிடத்தக்க பையும் கொண்ட ஒரு சாதனத்தை வடிவமைத்தாள். அதைச் செய்து விற்க 1957-இல் கொலோபிளாஸ்ட் என்ற நிறுவனம் எழுந்தது. அந்தப் பை வரலாற்றைச் சொல்வோர் வீதியில் நடக்கும் தைரியத்தோடு நின்றுவிடுகிறார்கள். விளக்கணைத்த பின், துணைவன் புரண்டு படுக்கும்முன், வளையத்தின் ஓரத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளும் கை எந்த நூலிலும் ஏறவில்லை. ஆர்ஹுஸில் எமர்ட்சனும் லாவுர்பேரும் 2012-இல், மலக்குடல் சிகிச்சைக்குப் பின் கேட்பதற்கென்று வகுத்த ஐந்து வினாக்களிலும் காமம் என்ற பேச்சே இல்லை. ஆயினும் காற்றை அடக்க முடிகிறதா என்ற முதல் வினாவை, பக்கத்தில் இன்னொருவர் படுத்திருக்கிறார் என்ற நினைவின்றி ஒருவர் எப்படிப் படிக்க முடியுமோ, எனக்கு விளங்கவில்லை.

அறுபதின்மரும் புற்றுநோயாளர்தாமா என்ற ஆட்சேபத்தை நான் பெரிதாகக் கொள்ளவில்லை. தழும்பு காரணம் கேட்பதில்லை. வயதின் இடைநிலை 74, ஆதலால் காமத்தைப் பற்றிக் கேட்பது வீண் என்பாருக்கோ, எழுபத்து நான்கைத் தாங்களே எட்டும்வரை பொறுத்திருக்கும்படி சொல்வதே போதும். மூக்குவழிக் குழாயைத் தவிர்த்து, ஆபரேஷன் நாளிலேயே நோயாளியை எழுப்பி நடக்கவைத்த அந்த முறை, அந்நியரின் கையிலிருந்து சரீரத்தை உடையவரிடம் சீக்கிரம் திருப்பிக் கொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் திரும்பப் பெற்றவர் அதை வீட்டில் எப்படி வைத்துக்கொண்டார் என்பது ஆஸ்பத்திரி வாசலுக்கு அப்பாற்பட்ட விஷயமாகிவிட்டது. கட்டுரையின் மௌனம் அலட்சியமன்று, அந்த வாசலின் எல்லை.

அவ்வெல்லையைக் கடந்து மீண்டும் உள்ளே வந்தவர்கள் 15 சதவீதம். அவர்களில் இருவருக்குக் குடல் தைத்த இடம் விட்டுப்போயிற்று. ஒருவர் கத்தியின்றியே தேறினார். மற்றவர் வயிற்றின்மேல் திறந்த குடல் வாயுடன், அதாவது கொலோஸ்டமியுடன், வீடு சென்றார். கட்டுரை அவரைப் பற்றி அவ்வளவே சொல்கிறது.